மரணப்படுக்கையில் தோன்றும் உருவங்கள்: விளக்கங்களும் அவற்றின் எல்லைகளும்

இறப்பை நெருங்கியவர்களில் ஒரு பகுதியினர், தமக்கு முன்பே இறந்துபோன தாயோ தந்தையோ கணவனோ மனைவியோ குழந்தையோ அருகில் வந்து நிற்பதாகச் சொல்கிறார்கள். அறையின் ஒரு மூலையையே உற்றுப் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், கை நீட்டுகிறார்கள். "அம்மா கூப்பிட வந்திருக்கா" என்று பாட்டி ஒருத்தி சொல்லக் கேட்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அதே பொருள் கொண்ட பேச்சு இங்கிலாந்திலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது.

வருபவர்கள் யார் என்ற கேள்விக்குப் பல நூற்றாண்டுகளாக விடை சொல்லப்பட்டு வருகிறது. மறுவுலகத்திலிருந்து வருபவர்கள் என்றது சமயம். ஒடுங்கும் மூளை உருவாக்கும் தோற்றங்கள் என்றது மருத்துவம். பிரிவைத் தாங்க மனம் தேடும் துணை என்றது உளவியல். இந்த விடைகள் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றினாலும், அவை ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்டவை அல்ல. தோன்றுவது என்ன, அது எப்படித் தோன்றுகிறது, தோன்றியதால் என்ன விளைகிறது என மூன்று கேள்விகள் இங்கே பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் ஒவ்வொரு விடையின் பலமும் பலவீனமும் புலப்படும்.

காட்சிகளின் வகைகள்

இந்த அனுபவங்களை மூன்றாகப் பகுக்கலாம். முதல் வகை, இறப்பவர் தாமே காண்பது. இது இறப்புக்குச் சில வாரங்களோ நாட்களோ மணி நேரமோ முன்னதாக, விழிப்பிலோ உறக்கத்திலோ நிகழ்கிறது. மாரடைப்பிலிருந்து மீட்கப்பட்டவர்கள் பின்னர் விவரிக்கும் மரண விளிம்பு அனுபவம் இதிலிருந்து வேறுபட்டது. மரண விளிம்பைத் தொட்டவர் திரும்பி வந்து கதையைச் சொல்கிறார். மரணப்படுக்கையில் இருப்பவர் காணும்போதே சொல்கிறார், திரும்பி வருவதில்லை.

இரண்டாம் வகை, இறப்பு நிகழும் நேரத்தில் மற்றவர்கள் காண்பது. படுக்கையருகே இருப்பவர் ஓர் ஒளியையோ உருவத்தையோ கண்டதாகச் சொல்வதும், தொலைவில் இருக்கும் உறவினர் அதே நேரத்தில் இறப்பவரின் உருவத்தைக் கண்டதாகச் சொல்வதும் இதில் அடங்கும். மூன்றாம் வகை, இறப்புக்குப் பிறகு வாரங்கள், மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் இறந்தவரைத் துக்கத்தில் இருப்பவர் பார்ப்பது, குரலைக் கேட்பது, அருகில் இருப்பதாக உணர்வது. பொதுப் பேச்சில் இவை மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆனால் மூன்றுக்குமான சான்றின் தரம் ஒன்றல்ல.

சமய மரபுகள் தந்த விடை

மிகப் பழைய விடை சமயங்களுடையது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் முதலாம் கிரகோரி எழுதிய 'உரையாடல்கள்' நூலின் நான்காம் பாகம், புனிதர்கள் தம்மை அழைக்க வந்ததை இறக்கும் தறுவாயில் கண்டவர்களின் கதைகளைத் தொகுத்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவலாக வாசிக்கப்பட்ட 'ஆர்ஸ் மோரியெண்டி' என்னும் நல்மரணக் கையேட்டின் மரச்செதுக்குப் படங்களில், படுக்கையைச் சுற்றி ஒருபுறம் பேய்களும் மறுபுறம் தேவதூதர்களும் நிற்கிறார்கள். ஆன்மாவுக்கான கடைசிப் போராட்டம் அங்கே நடப்பதாக அந்நூல் கற்பித்தது. ஜப்பானியத் தூய நிலப் பௌத்தத்தில், அமிதாப புத்தர் தம் பரிவாரத்தோடு இறப்பவரை எதிர்கொண்டு அழைக்க இறங்கி வரும் 'ராய்கோ' ஓவியங்கள் தனி மரபாகவே வளர்ந்தன.

இந்திய மரபில் வருபவர்கள் பெரும்பாலும் எமதூதர்கள். கருட புராணம் அவர்கள் பாவிகளை இழுத்துச் செல்வதை விரிவாகச் சொல்கிறது. கடைசி நினைவு எதுவோ அதுவே அடுத்த நிலையைத் தீர்மானிக்கும் என்கிறது பகவத் கீதையின் எட்டாம் அத்தியாயம். அந்த நேரத்தில் நினைவு தவறிவிடலாம் என்பதால் முன்கூட்டியே இறைவனிடம் அடைக்கலம் வேண்டிப் பாடினார் பெரியாழ்வார். எமனிடமிருந்து சிவன் காத்த மார்க்கண்டேயன் கதையைச் சுமந்து நிற்கிறது திருக்கடையூர்.

சமய விடையின் பலம், அது இறப்பவரின் அனுபவத்தை அர்த்தமுள்ளதாக ஏற்றுக்கொண்டதில் இருக்கிறது. அதன் பலவீனமும் தெளிவானது. ஒவ்வொரு மரபும் தன் எதிர்பார்ப்புக்கு ஒத்த காட்சிகளையே பதிந்துவைத்தது. கிரகோரியின் கதைகளில் எமதூதர் இல்லை. கருட புராணத்தில் புனித பேதுரு இல்லை. தவிர, அந்தக் கதைகளின் நோக்கம் நல்வழிப்படுத்துவது. நடந்ததைச் சரிபார்ப்பது அல்ல.

சாட்சியம் திரட்டிய தலைமுறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கேள்வி கோயிலை விட்டு ஆய்வாளர்களின் மேசைக்கு வந்தது. 1882இல் லண்டனில் உளவியற்புல ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்களான எட்மண்ட் கர்னி, ஃபிரெடெரிக் மையர்ஸ், ஃபிராங்க் போட்மோர் மூவரும் 1886இல் இரண்டு பாகங்களாக வெளியிட்ட நூல், இறப்பு நேரத்தில் தொலைவில் இருப்போருக்குத் தோன்றிய உருவங்கள் பற்றிய நூற்றுக்கணக்கான வாக்குமூலங்களைக் கொண்டது. அடுத்து அக்கழகம் 17,000 பேரிடம், முழு விழிப்பில் இருக்கும்போது, இல்லாத ஒன்றைக் கண்டதோ கேட்டதோ உண்டா என்று விசாரித்தது. ஏறத்தாழ பத்தில் ஒருவர் உண்டு என்றார். 1894இல் வெளியான அறிக்கை, அடையாளம் தெரிந்த ஒருவரின் உருவத்தைக் கண்ட நிகழ்வுகளில் 43க்கு ஒன்று அவர் இறந்த நேரத்துக்கு 12 மணி நேரத்துக்குள் நிகழ்ந்ததாகக் கணக்கிட்டது. தற்செயலாக அப்படிப் பொருந்த 19,000இல் ஒரு வாய்ப்பே உண்டு என்பதால், இரண்டுக்கும் இடையே ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அது முடிவு செய்தது.

இத்தகைய முயற்சிகளுக்கு எதிர்ப்பு தொடக்கத்திலேயே எழுந்தது. 1886ஆம் ஆண்டு நூலின் கணக்கையும் சான்றுத் தேர்வையும் அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் 1887இலேயே கடுமையாக விமர்சித்தார். இத்தகைய தொகுப்புகள் அனைத்துக்கும் பொதுவான குறைகள் உண்டு. பல வாக்குமூலங்கள் நிகழ்வுக்கு ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்டவை. இறப்போடு பொருந்திய தோற்றம் நினைவில் நிற்கும், பொருந்தாதது மறந்துபோகும். நோயுற்ற உறவினரைப் பற்றிக் கவலையில் இருப்பவருக்கு அவர் உருவம் தோன்றுவதைத் தற்செயல் வாய்ப்புக் கணக்கில் அடக்க முடியாது.

இறப்பவர் தாமே காணும் காட்சிகளில் ஒரு வகை மட்டும் தனிக் கவனம் பெற்றது. ஃபிரான்சஸ் பவர் காப் 1882இல் எழுதிய கட்டுரையின் தலைப்பைக் கொண்டு இதை 'டேரியன் சிகரம்' வகை என்கிறார்கள். ஒருவர் இறந்த செய்தியே தெரியாத நோயாளி, இறந்தவர்கள் வரிசையில் அவரையும் காண்பது இதன் அடையாளம்.

இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1924 ஜனவரியில் லண்டன் கிளாப்டனில் உள்ள தாய்மார் மருத்துவமனையில் நடந்தது. பிரசவத்துக்குப் பிறகு இதயம் பலவீனமடைந்து இறந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண், அறையின் ஒரு பகுதியை நோக்கி முகம் மலர்ந்தாள். அழகான வெளிச்சம் தெரிவதாகவும் இறந்த தந்தை வருவதாகவும் சொன்னாள். குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது, அதற்காக இருந்துவிடலாமா என்று தயங்கி, பிறகு இருக்க முடியாது என்றாள். சற்று நேரத்தில் திகைப்போடு, தந்தையுடன் தன் சகோதரியும் நிற்பதாகச் சொன்னாள். அந்தச் சகோதரி மூன்று வாரங்களுக்கு முன்பு இறந்திருந்தாள். கர்ப்பிணியின் உடல்நிலை கருதி அந்தச் செய்தி அவளிடம் மறைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த மகப்பேறு மருத்துவர் ஃபுளோரன்ஸ் பாரெட் இதைத் தம் கணவரும் இயற்பியலாளருமான வில்லியம் பாரெட்டிடம் சொன்னார். அவர் மறைவுக்குப் பிறகு 1926இல் வெளியான 'மரணப்படுக்கைக் காட்சிகள்' என்ற சிறு நூலின் தொடக்கம் இதுவே.

மருத்துவர் ஒருவர் நேரில் கண்டது, செய்தி மறைக்கப்பட்டதற்குக் குடும்பமே சாட்சி என்ற இரண்டும் இந்நிகழ்வின் பலம். ஆயினும் வீட்டாரின் முகக்குறி, கடிதங்கள் நின்றுபோனது, காதில் விழுந்த அரைகுறைப் பேச்சு ஆகியவற்றிலிருந்து நோயாளி ஊகித்திருக்க முடியாது என்று இன்று யாரும் உறுதிசெய்ய இயலாது. உயிரோடிருப்பவரை இறந்தவர்களோடு கண்ட நோயாளிகள் எத்தனை பேர் என்ற எதிர்க்கணக்கும் எடுக்கப்படவில்லை. அது இல்லாமல் பொருந்திய கதைகள் எவ்வளவு சேர்ந்தாலும் எடை கூடாது.

இரு நாடுகளின் ஒப்பீடு

அடுத்த பெரிய முயற்சி கார்லிஸ் ஓசிஸ் என்பவருடையது. 10,000 மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அவர் அனுப்பிய வினாப்படிவத்துக்கு 640 பேர் பதிலளித்தனர். முடிவுகள் 1961இல் வெளியாயின. பின்னர் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களிலும், ஐஸ்லாந்து உளவியலாளர் எர்லெண்டூர் ஹரால்ட்சனோடு 1972-73இல் வட இந்தியாவிலும் ஆய்வை விரித்தார். இருவரும் சேர்ந்து 1977இல் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அமெரிக்க நோயாளிகள் பெரும்பாலும் இறந்த உறவினரைக் கண்டனர். இந்தியாவில் தெய்வங்களும் எமதூதர்களும் கூடுதலாக வந்தனர். அழைக்க வந்தவரோடு போக மறுத்தவர்கள் அமெரிக்காவில் அரிது. இந்தியாவில் கணிசமானோர் மறுத்தனர். இந்த வேறுபாடுகளுக்கு அடியில் ஒரு பொது அமைப்பு இருப்பதாக ஓசிஸும் ஹரால்ட்சனும் வாதிட்டனர். இரு நாடுகளிலும் ஒருவர் வருகிறார், அழைத்துப்போக வருகிறார், நோயாளியின் மனநிலை பெரும்பாலும் மாறுகிறது. கடுங்காய்ச்சலோ மயக்க மருந்தோ பெரும்பாலான நோயாளிகளிடம் இல்லை என்றும் அவர்கள் காட்டினர்.

ஆனால் அவர்கள் பேசியது நோயாளிகளிடம் அல்ல, மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும், அதுவும் நினைவிலிருந்து. நூறு பேரில் ஆறேழு பேர் மட்டும் பதிலளித்த 1961 ஆய்வில், வியப்பான அனுபவம் உடையவர்களே எழுதியிருக்க வாய்ப்பு மிகுதி. பொது அமைப்பு என்று சொல்லப்படுவதும் இருபுறம் வெட்டுகிறது. மறுவுலகம் ஒன்றே என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டலாம். மனித மூளையும் மனித உறவுகளும் எங்கும் ஒன்றுபோலவே அமைந்திருக்கின்றன என்பதற்கும் காட்டலாம்.

பண்பாட்டின் பங்கை சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986இல் வெளியிட்ட இந்திய மரண விளிம்பு அனுபவங்கள் இன்னும் தெளிவாக்கின. ஆள் மாறிக் கொண்டுவந்துவிட்டோம் என்று எமனின் அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்பட்டதாக அங்கே பலர் சொன்னார்கள். மேலை நாட்டுக் கதைகளில் அப்படிப்பட்ட ஏடு பார்க்கும் அலுவலகம் வழக்கமில்லை. காட்சியின் உடையும் உருவமும் பண்பாடு தருவது என்பதில் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

மூளை வழி விளக்கம்

மருத்துவம் முதலில் கைநீட்டுவது டெலிரியம் எனப்படும் குழப்பநிலையை நோக்கி, ஊர்வழக்கில் ஜன்னி. உறுப்புகள் செயலிழத்தல், ஆக்சிஜன் குறைவு, நோய்த்தொற்று, மார்ஃபின் போன்ற மருந்துகள் எல்லாம் இதைத் தூண்டும். கனடாவில் முற்றிய புற்றுநோயாளிகளிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், அங்கே இறந்தவர்களில் 88 சதவீதத்தினர் கடைசிக் கட்டத்தில் இந்நிலையை அடைந்தனர். எனவே குழப்பநிலையை ஒதுக்கிவிட்டு மரணப்படுக்கைக் காட்சியைப் பேச முடியாது.

ஆனால் எல்லாக் காட்சிகளையும் அதில் அடக்குவதும் கடினம். குழப்பநிலையில் பேச்சு சிதறும். இடம், காலம், ஆள் தெரியாது. பூச்சி ஊர்வதுபோன்ற அச்சமூட்டும் தோற்றங்கள் வரும். மரணப்படுக்கைக் காட்சி கண்ட பலரோ கோர்வையாகப் பேசுகிறார்கள், அருகிலிருப்பவரை அடையாளம் காண்கிறார்கள், கண்டதைப் பிறகும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தெளிந்த மனதுடையவரும் இல்லாததைக் காண முடியும் என்பதை 1760இல் சார்லஸ் போனே எழுதிவைத்தார். பார்வை மங்கிய அவருடைய பாட்டனார், மனத்தெளிவோடு இருந்தும் மனிதர்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் கண்டுகொண்டிருந்தார். 2006இல் ஓலஃப் பிளாங்க் குழுவினர் வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் மூளையில் இடது நெற்றிப்பொட்டும் உச்சிப்பகுதியும் சேரும் இடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, தன் பின்னால் நிழல்போல ஒருவர் இருப்பதாக அவர் உணர்ந்தார். தூண்டல் நின்றதும் அந்த உணர்வும் மறைந்தது. ஒருவர் அருகில் இருப்பதான உணர்வை மூளை தானே உண்டாக்க வல்லது என்பதற்கு இது வலுவான சான்று.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் குழுவினரின் ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. 2013இல் இதயம் நிறுத்தப்பட்ட ஒன்பது எலிகளின் மூளையில், அடுத்த அரை நிமிடத்துக்குள் ஒழுங்கமைந்த காமா அலைகள் எழுந்தன. 2023இல், செயற்கைச் சுவாசம் அகற்றப்பட்ட நான்கு நோயாளிகளில் இருவரிடம் அதேபோன்ற எழுச்சி பதிவாயிற்று. ஆனால் அவர்கள் பிழைக்கவில்லை. அப்போது எதைக் கண்டார்கள் என்று, கண்டார்களா என்றுகூட, கேட்க வழியில்லை. மேலும் மரணப்படுக்கைக் காட்சிகளில் பல நாட்களுக்கும் வாரங்களுக்கும் முன்பே நிகழ்கின்றன. கடைசி நிமிட மின்னலைகளால் அவற்றை விளக்க முடியாது.

மூளை வழி விளக்கத்தின் உண்மையான எல்லை இங்கேதான் இருக்கிறது. உருவம் தோன்றுவது எப்படி என்பதை அது ஓரளவு சொல்கிறது. போனேயின் பாட்டனார் கண்டவற்றைப் போலத் தொடர்பற்ற உருவங்கள் வராமல், குறிப்பாகத் தாயும் தந்தையும் ஏன் வருகிறார்கள் என்பதை அது இன்னும் சொல்லவில்லை.

துக்கத்தில் இருப்பவர்கள் காண்பது

உறவினர்கள் பின்னர் காணும் காட்சிகளுக்கே மிக உறுதியான கணக்கு உண்டு. வேல்ஸ் நாட்டுப் பொது மருத்துவர் டியூவி ரீஸ் தம் வட்டாரத்தில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை விசாரித்து 1971இல் முடிவுகளை வெளியிட்டார். 46.7 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வகை அனுபவம் இருந்தது. 39.2 சதவீதத்தினர் இறந்தவர் அருகில் இருப்பதை உணர்ந்தனர், 14 சதவீதத்தினர் கண்டனர், 13.3 சதவீதத்தினர் குரலைக் கேட்டனர். பெரும்பாலானோருக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆயினும் நான்கில் மூவர் அதுவரை யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. டோக்கியோவில் கணவரை விபத்தில் இழந்த 20 பெண்களிடம் நடந்து 1969இல் வெளியான ஆய்வில், 18 பேர் கணவர் அருகிலிருப்பதை உணர்ந்திருந்தனர். வீட்டுப் பூசைமாடத்தில் இறந்தவரோடு தினமும் பேசும் வழக்கம் அங்கே அந்த உணர்வுக்கு இடம் தந்தது.

சிக்மண்ட் ஃபிராய்டு 1917இல் எழுதிய கட்டுரை, துக்கத்தின் வேலை இறந்தவரிடமிருந்து மனதை மெல்ல விடுவிப்பது என்று கருதியது. அந்தப் பார்வையில் இறந்தவரைக் காண்பது, இழப்பை ஏற்க மறுக்கும் மனத்தின் செயல். டென்னிஸ் கிளாசும் உடன் ஆசிரியர்களும் 1996இல் வெளியிட்ட தொகுப்பு இதை மறுத்தது. உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பான துக்கத்தின் பகுதியே என்றது. கனவில் வந்து பசிக்கிறது என்றார் என்பதற்காகப் படையல் போடும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்த இரண்டாம் கருத்து புதிதாக இராது. இவ்வகை அனுபவம் தன்னளவில் மனநோயின் அறிகுறி அல்ல என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நிலை.

இரண்டாம் வகையில், இறப்பவரும் அருகிலிருப்பவரும் சேர்ந்தே ஒரே காட்சியைக் கண்டதாகச் சொல்லும் நிகழ்வுகளை ரேமண்ட் மூடி 2010இல் தொகுத்தார். மூன்று வகைகளிலும் சான்று மிகவும் மெலிந்தது இதற்குத்தான். பலநாள் உறக்கமின்மை, பதற்றம், ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் நினைவு திருத்தப்படுதல் ஆகியவற்றை விலக்க, ஒவ்வொருவரும் தனித்தனியே உடனடியாக எழுதிய பதிவு வேண்டும். அத்தகைய பதிவுகள் மிக அரிது.

படுக்கையருகே நடந்த ஆய்வுகள்

கடந்த இருபது ஆண்டுகளில் கேள்வியின் திசை மாறியிருக்கிறது. நோய் ஆதரவு சிகிச்சை வளர்ந்ததால் இறப்பவரிடமே கேட்பது சாத்தியமாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகர இறுதிக்கால ஆதரவு இல்லத்தில் கிறிஸ்டோபர் கெர் தலைமையிலான குழு 59 நோயாளிகளைத் தொடர்ந்து சந்தித்துப் பேசி 2014இல் முடிவுகளை வெளியிட்டது. 88 சதவீதத்தினர் குறைந்தது ஒரு கனவையோ காட்சியையோ சொன்னார்கள். ஏறத்தாழ எல்லாமே நிஜம்போல இருந்தன என்றார்கள். உயிரோடிருப்பவர்களும் காட்சியில் வந்தனர். ஆனால் இறந்தவர்கள் வந்த காட்சிகளே கூடுதல் ஆறுதல் தந்தன. இறப்பு நெருங்க நெருங்க அவை பெருகின.

ஜப்பானில் இறந்தவர்களின் குடும்பத்தினர் 2,221 பேரிடம் நடந்து 2016இல் வெளியான நாடளாவிய ஆய்வில், 21 சதவீதத்தினர் மட்டுமே அத்தகைய காட்சி இருந்ததாகச் சொன்னார்கள். நோயாளியிடம் தினமும் கேட்பதற்கும் குடும்பத்தாரிடம் பின்னர் கேட்பதற்கும் உள்ள இடைவெளி இந்த இரு எண்களிலும் தெரிகிறது. நோயாளிகள் காண்பதில் பெரும்பகுதி வீட்டார் காதுக்கு வருவதே இல்லை என்று கருத இது இடம் தருகிறது.

இந்த ஆய்வுகளுக்கும் குறை உண்டு. பஃபலோ குழு குழப்பநிலையில் இருந்தவர்களைத் தொடக்கத்திலேயே விலக்கியது. ஆகவே காட்சி கண்டவர்கள் தெளிவாக இருந்தார்கள் என்ற முடிவில் ஒரு பகுதி, ஆள் தேர்விலிருந்தே வந்தது. கனவும் விழிப்புக் காட்சியும் ஒரே கணக்கில் சேர்ந்தன. எல்லாக் காட்சிகளும் இனியவை என்பதும் இல்லை. போரில் செய்தவையும் தீராத குற்றவுணர்வும் திரும்பி வந்து வதைத்த நோயாளிகளும் உண்டு.

மதிப்பீடு

மூன்று கேள்விகளையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால் நிலைமை இதுதான். காட்சிகளால் என்ன விளைகிறது என்பதற்குச் சான்று திருப்திகரமாக இருக்கிறது: அவை பரவலானவை, பெரும்பாலும் ஆறுதலானவை, சிறுபான்மையினருக்குத் துன்பமானவை. அவை எப்படித் தோன்றுகின்றன என்பதற்குப் பகுதி விடைகள் உள்ளன. அவற்றை ஒன்றிணைக்கும் கோட்பாடு இன்னும் இல்லை. தோன்றுபவர் உண்மையில் வந்தவரா என்பதை இதுவரை சேர்ந்த சான்றுகளால் தீர்மானிக்க இயலாது. டேரியன் சிகர வகை நிகழ்வுகள் கவனத்துக்குரியவை. ஆனால் எதிர்க்கணக்கும் உடனடிப் பதிவும் இல்லாத வரை அவை நிரூபணம் ஆகா. மூளையில் ஒரு நிகழ்வு இருப்பதைக் காட்டியதாலேயே காட்சி வெறும் பிரமை என்று ஆகிவிடாது. நிஜமான ஒருவரைக் காணும்போதும் மூளையில் நிகழ்வு உண்டு.

இந்தியாவில் நோயாளிகளிடமே நேரில் கேட்டு நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு. ஓசிஸும் ஹரால்ட்சனும் ஆய்ந்தது வடக்கை மட்டுமே. எமதூதர்கள் இன்றும் வருகிறார்களா, உறவினர்கள் அவர்கள் இடத்தைப் பிடித்துவிட்டார்களா, மருத்துவமனையில் இறப்பதும் வீட்டில் இறப்பதும் காட்சியை மாற்றுகின்றனவா என்பவை விடைக்குக் காத்திருக்கும் கேள்விகள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் நோய் ஆதரவு சிகிச்சைக்காகச் செவிலியர்கள் வீடுகளுக்கே செல்கிறார்கள். முறையாகக் கேட்டுப் பதிய இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் அமையாது.

அதுவரை, படுக்கையருகே இருப்பவர்களுக்கு ஆய்வுகள் தரும் அறிவுரை எளிமையானது. நோயாளி குழம்பியோ பயந்தோ இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குழப்பநிலையின் காரணங்களில் சில சரிசெய்யக் கூடியவை. நோயாளி தெளிவாகவும் அமைதியாகவும் இருந்து, இறந்த ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னால், மறுத்து வாதாடவும் வேண்டாம், தெய்வச் செய்தி என்று ஏற்றிப் பேசவும் வேண்டாம். யார் வந்தார், என்ன சொன்னார் என்று கேட்டால் போதும். வருபவர் யார் என்பது தீராமல் இருக்கலாம். சொல்பவரைக் கேட்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.